வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹால் மூலையில் பழைய துண்டு போர்த்தி வைத்திருக்கும் டெஸ்க்டாப்பைப் பற்றித்தான் எனக்கு அதிகம் போன் வருகிறது. 2004-லிருந்து 2012-க்குள் வாங்கியதாக இருக்கும், பல வருடமாக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். தாத்தாவின் முதல் திதிக்கோ, பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகும்போதோ, பழைய போட்டோ எல்லாம் அதில்தானே இருக்கிறது என்று ஞாபகம் வந்து ஸ்விட்ச் போட்டால் வேலை செய்யாது. சொந்தக்காரர்களும் பக்கத்துத் தெருக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்டதை அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெட்டி ஆன் ஆகாவிட்டாலும், போட்டோ எல்லாம் சேமித்திருக்கும் உள்ளே உள்ள ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அவசரப்பட்டு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

“கம்ப்யூட்டர் ஆன் ஆகலை. என்ன பண்றது?”

ஆன் ஆகலை என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்கிறார்கள், ஆனால் அதற்குள் மூன்று வேறு கோளாறுகள் இருக்கின்றன. பட்டனை அழுத்தினால் விளக்கும் இல்லை சத்தமும் இல்லை என்பது ஒன்று. ஃபேன் ஓடுகிறது, திரை கருப்பாகவே இருக்கிறது என்பது இன்னொன்று. திரையில் எழுத்து வருகிறது, ஆனால் விண்டோஸ் வரை போகவில்லை என்பது மூன்றாவது. முதலாவது கரண்ட் விஷயம், இரண்டாவது பெரும்பாலும் ரேம் (உள்ளே சொருகியிருக்கும் நீளமான நினைவுப் பட்டை) விஷயம், மூன்றாவது டிஸ்க் அல்லது விண்டோஸ் விஷயம். உங்களுடையது எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் கீழே அந்த இடத்துக்குப் போங்கள்.

“பட்டனை அழுத்தினா ஒண்ணுமே இல்லை. மதர்போர்டு போயிடுச்சா?”

மதர்போர்டு என்பது உள்ளே எல்லா பாகமும் மாட்டியிருக்கும் பெரிய பலகை, அவ்வளவு தூரம் போக வேண்டாம். முதல் சந்தேகம் யூபிஎஸ் மேல்தான் வர வேண்டும். அதன் பேட்டரி இரண்டு மூன்று வருடத்திலேயே களைத்துவிடும், சும்மா கிடந்தால் இன்னும் சீக்கிரம். பேட்டரி செத்த சில யூபிஎஸ், கரண்ட் இருந்தாலும் வெளியே கொடுக்காது. அதனால் யூபிஎஸ், ஸ்டெபிலைசர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூன்றையும் ஒதுக்கிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். பவர் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். மானிட்டருக்குப் போகும் கேபிள் பல வீடுகளில் அதே மாதிரிதான் இருக்கும்.

அப்புறம் பெட்டியின் பின்பக்கம் சின்ன ஸ்விட்ச் ஒன்று இருக்கும். யாராவது சுத்தம் செய்யும்போது அதை அணைத்திருப்பார்கள். இதை மட்டும் போட்டுவிட்டு நான் திரும்பி வந்த வீடுகள் உண்டு. அதன் பக்கத்திலேயே 115, 230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அது 230-ல்தான் இருக்க வேண்டும். அதைத் தள்ளி விளையாடாதீர்கள், 115-ல் வைத்து நம் ஊர் கரண்டைக் கொடுத்தால் வெடிக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முன்பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மறுபடி மாட்டிப் பாருங்கள். உள்ளே தேங்கிய கரண்ட் வடிந்த பிறகு உயிர் வரும் பெட்டிகளும் உண்டு.

“எஸ்எம்பிஎஸ் போயிடுச்சான்னு வீட்டிலேயே பார்க்க முடியுமா?”

முடியும், ஆனால் கைநடுக்கம் இல்லாதவர் செய்யட்டும். எஸ்எம்பிஎஸ் என்பது கரண்டை வாங்கிப் பெட்டிக்குள் பங்கிட்டுக் கொடுக்கும் தகரப் பெட்டி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் சொருகியிருக்கும் 20 அல்லது 24 துளைகள் கொண்ட அகலமான கனெக்டரைக் கழற்றுங்கள். அதில் பச்சை வயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். பச்சைத் துளைக்கும் ஏதாவது ஒரு கறுப்புத் துளைக்கும் நடுவே ஒரு ஜெம் கிளிப்பை வளைத்துச் சொருகிவிட்டு, கையை எடுத்த பிறகு சுவர் ஸ்விட்சைப் போடுங்கள். எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றவே இல்லையென்றால் அது முடிந்தது. சுற்றினால் அது ஓரளவு நன்றாக இருக்கிறது என்று மட்டும் அர்த்தம். மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் வருகிறதா பாருங்கள். 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம், அதற்கு மேல் வித்தியாசம் ஆகாது. சில பிராண்டட் பெட்டிகளில் கனெக்டரே வேறு மாதிரி இருக்கும், அவற்றில் இந்தச் சோதனை வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ்-ஐத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்க முடியும். பழைய டப்பா மானிட்டர் அதைவிட மோசம், உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் புழங்கும் பொருள் அது. இரண்டையும் திறப்பது நம் வேலை இல்லை.

எஸ்எம்பிஎஸ் ஓடுகிறது, பெட்டி மட்டும் ஓடவில்லையென்றால் முன்பட்டனே போயிருக்கலாம். அதிலிருந்து வரும் மெல்லிய இரட்டை வயரை மதர்போர்டில் கழற்றிவிட்டு, அந்த இரண்டு முள்ளையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி மட்டும் சேர்த்துத் தொட்டால் ஆன் ஆகும். அப்படி ஆன் ஆகிவிட்டால், ரீசெட் பட்டன் வயரை அங்கே மாட்டிக்கொண்டு, அதையே பவர் பட்டனாக வைத்துக்கொள்ளலாம்.

“தம்பி, ஃபேன் எல்லாம் ஓடுது, மானிட்டர்தான் கருப்பா இருக்கு”

கீபோர்டில் நம்லாக் கட்டையை அழுத்துங்கள் அக்கா. விளக்கு மாறி மாறி எரிந்தால் கம்ப்யூட்டர் நன்றாகவே எழுந்துவிட்டது, காட்டுவதில்தான் கோளாறு என்று அர்த்தம். மானிட்டருக்குப் படம் கொண்டுபோகும் விஜிஏ கேபிளின் முள் வளைந்திருக்கிறதா பாருங்கள். தனி டிஸ்ப்ளே கார்டு போட்ட பெட்டியில் கேபிளைக் கார்டில்தான் மாட்ட வேண்டும், மேலே இருக்கும் மதர்போர்டு பிளக்கில் மாட்டினால் பல பெட்டிகளில் படம் வராது. கேபிளைக் கழற்றினால் மானிட்டர் ‘நோ சிக்னல்’ என்று ஏதாவது காட்டுகிறதா என்றும் பாருங்கள், காட்டினால் மானிட்டர் மேல் குற்றமில்லை.

விளக்கு மாறவே இல்லையென்றால் ரேம். நான் பார்த்த இப்படிப்பட்ட பெட்டிகளில் பாதிக்கு மேல் ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டியதிலேயே எழுந்துவிட்டன. நம் ஊர் ஈரக்காற்றில் அதன் தங்க நிறப் பற்கள் மேல் மெல்லிய படலம் படிந்துவிடுகிறது. பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் தகரத்தை ஒரு தடவை தொட்டுக்கொண்டு, இருபக்கக் கிளிப்பையும் தள்ளி ரேமை எடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் பற்களை மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிடாமல் துணியால் துடையுங்கள், வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படும். ஸ்லாட்டைப் பெயிண்ட் பிரஷால் தட்டிவிட்டு, டக் என்று கிளிப் மூடும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

“பீப் பீப்னு கத்துதே, அது நல்லதா கெட்டதா?”

ஒரே ஒரு சின்ன பீப் என்றால் எல்லாம் சரி என்று பொருள். நீளமான பீப் விட்டுவிட்டுத் தொடர்ந்து வந்தால் பெரும்பாலும் ரேம், மேலே சொன்ன ரப்பர் வைத்தியம்தான். அவார்டு கம்பெனியின் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் புரோகிராம்) உள்ள போர்டில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்று வந்தால் டிஸ்ப்ளே கார்டு. போர்டுக்குப் போர்டு கணக்கு மாறும், அதனால் எத்தனை நீளம் எத்தனை குட்டை என்று எண்ணி எழுதிக்கொண்டு, மதர்போர்டின் மாடலோடு சேர்த்துத் தேடுங்கள். சத்தமே வராததும் ஒரு தகவல்தான்: ஸ்பீக்கர் இருந்தும், ரேமே இல்லாமல் ஆன் செய்தும் ஒரு முனகல் கூட வரவில்லையென்றால் போர்டோ, கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரோ எழுந்திருக்கவில்லை.

“எல்லாம் துடைச்சாச்சு, வரலை. போர்டைப் பார்த்தா ஏதாவது தெரியுமா?”

நிறையத் தெரியும். பிராசசரைச் சுற்றிக் குட்டி டப்பா மாதிரி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். பணியாரம் மாதிரி உப்பியிருந்தாலோ தலையில் பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ கோளாறு அதுதான். 2000-களின் முதல் பாதியில் வந்த பல போர்டுகளில் தரமில்லாத கெப்பாசிட்டர் போய்ச் சேர்ந்து, உலகம் முழுக்கவே இந்தப் பிரச்சினை இருந்தது. சால்டரிங் தெரிந்த டிவி மெக்கானிக் மாற்றிக் கொடுப்பார், அதே வோல்ட்டும் அதே மைக்ரோஃபேரடும் இருக்க வேண்டும், கோடு போட்ட பக்கம் மாறக் கூடாது. எறும்புப் புற்று, பல்லி முட்டை, செத்த பல்லி எல்லாம் நான் போர்டின் மேலேயே பார்த்திருக்கிறேன், அதையும் தேடுங்கள். பிராசசருக்குப் பக்கத்தில் மஞ்சள் கறுப்பு வயர்களோடு நாலு துளை சதுர பிளக் ஒன்று இருக்கும். அது கழன்றிருந்தால் ஃபேன் ஓடும், வேறு எதுவும் நடக்காது.

“ஆன் ஆகுது, அஞ்சு செகண்டுல தானா ஆஃப் ஆயிடுது”

சூடு. பிராசசர் மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினிய ஹீட்சிங்க்கை லேசாக ஆட்டிப் பாருங்கள். 2004-க்குப் பிறகு வந்த இன்டெல் பெட்டிகளில் அதை நான்கு பிளாஸ்டிக் ஊசிகள்தான் பிடித்திருக்கும். வீடு மாறும்போது வண்டியில் குலுங்கி ஒரு மூலை தூக்கிக்கொள்ளும், பிராசசர் சூடேறித் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மிளகு அளவு வைத்து நான்கு மூலையும் அழுத்தி மாட்டுங்கள். ஹீட்சிங்க் ஆடாமல் இருந்தும் அணைகிறது என்றால் எஸ்எம்பிஎஸ்-ஐயும் உப்பிய கெப்பாசிட்டரையும் மறுபடி பாருங்கள்.

“கேபினெட்டைத் தொட்டா சுர்ருனு இழுக்குது. ஆன் பண்ணலாமா?”

பண்ண வேண்டாம். பிளக் பாயின்டில் எர்த் வரவில்லை என்பதன் அடையாளம் அது. எஸ்எம்பிஎஸ்-க்குள் இருக்கும் ஃபில்டர் கொஞ்சம் கரண்டை எர்த் வழியாக வெளியேற்றும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. எர்த் இல்லாதபோது அது தகரத்திலேயே நிற்கும். அளவு சின்னதுதான், ஆனால் உள்ளே ஏதாவது ஒயர் உரசியிருந்தாலும் அப்படித்தான் ஆரம்பிக்கும், எது எது என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்த்த பிறகு மற்றதெல்லாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

“தேதி தப்பா காட்டுது, ஒவ்வொரு தடவையும் எஃப்1 அழுத்தச் சொல்லுது”

மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று எழுதியிருக்கும். பெட்டிக்குக் கரண்ட் இல்லாதபோது தேதியையும் பயாஸ் செட்டிங்கையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். 3 வோல்ட் இருக்க வேண்டும். வாட்ச் கடையில் கிடைக்கும், கூட்டல் குறி மேலே பார்க்க மாட்டுங்கள். ஆனால் மாற்றுவதற்கு முன்னால் அடுத்த கேள்வியைப் படித்துவிடுங்கள்.

“பேட்டரி மாத்தின அப்புறம்தான் நீலத் திரை வருது! அதுவரைக்கும் விண்டோஸ் வந்துச்சே?”

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் நல்ல விண்டோஸை அழித்துவிடுகிறார்கள். பேட்டரியைக் கழற்றியதும், அல்லது அது தானாகச் செத்ததும், பயாஸ் தன் கம்பெனி செட்டிங்குக்குத் திரும்பிவிடும். டிஸ்க்கோடு எப்படிப் பேசுவது என்பதற்கு அங்கே ஒரு செட்டிங் உண்டு, ஐடிஇ அல்லது ஏஹெச்சிஐ. விண்டோஸ் போட்டபோது ஒன்றில் இருந்து இப்போது இன்னொன்றுக்கு மாறியிருந்தால் விண்டோஸ் லோகோ வரைக்கும் வந்து நீலத் திரையில் விழும், அதிலுள்ள ஸ்டாப் எண் 7பி என்று முடியும்.

ஆன் செய்ததும் டெலிட் கட்டையையோ எஃப்2-வையோ தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் போங்கள். சாட்டா மோட் என்ற வரியைத் தேடி, இருப்பதற்கு மாறானதை வைத்து சேமித்துவிட்டுப் பாருங்கள். வேலை செய்யவில்லையென்றால் பழையபடி மாற்றிவிடலாம், எதுவும் கெடாது. பேட்டரி இன்னும் முழுசாகச் சாகாதபோதே பயாஸ் பக்கங்களைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்பவர்களுக்கு இந்த அலைச்சலே இல்லை.

“கறுப்புத் திரையில என்டிஎல்டிஆர் மிஸ்ஸிங்னு வருது. இன்னொரு நாள் பூட் டிவைஸ் செலக்ட் பண்ணுனு வருது”

என்டிஎல்டிஆர் என்பது விண்டோஸ் எக்ஸ்பி-யை எழுப்பும் ஃபைல், பூட் என்றால் அப்படி எழுந்திருப்பது. முதலில் பென்டிரைவ், சிடி, ஃப்ளாப்பி, வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள். விண்டோஸ் இல்லாத பென்டிரைவிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாலும் இதே வாக்கியம் வரலாம். அடுத்து பயாஸில் ஹார்டு டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் பூட் வரிசையில் அதை முதலில் வையுங்கள். தெரியாவிட்டால் டிஸ்க்குக்குப் போகும் இரண்டு கேபிளையும் கழற்றி மாட்டுங்கள், டேட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். விண்டோஸ் 7-ல் வரும் ‘பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்’ வாக்கியத்துக்கும் இதே வரிசைதான்.

“கடைக்காரர் ஃபார்மட் பண்ணா சரியாயிடும்கிறார். பண்ணிடலாமா?”

போட்டோவும் டாக்குமென்ட்டும் வெளியே வரும்வரை கூடாது. என் அத்தை வீட்டில் நடந்தது. விண்டோஸ் வரவில்லை என்று பெட்டியைத் தூக்கிக் கடையில் கொடுத்தார்கள், சாயங்காலம் பளிச்சென்று ஓடியது, வீட்டுக்கு வந்து பார்த்தால் மாமா போன பிறகு எஞ்சியிருந்த ஆறு வருடத்துப் போட்டோ ஒன்றும் இல்லை. கடைக்காரர் கேட்காமல் செய்தார், நாங்களும் சொல்லாமல் கொடுத்தோம். அதன் மேல் புதிதாக விண்டோஸும் மற்றதும் ஏற்றிவிட்டதால் மீட்கப் பார்த்தும் கொஞ்சம்தான் திரும்ப வந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது: கடைக்குப் பெட்டியைக் கொடுத்தாலும், டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு கொடுங்கள். ரேம், எஸ்எம்பிஎஸ், போர்டு பார்க்க டிஸ்க் தேவையே இல்லை.

“அப்போ விண்டோஸ் வராமலே போட்டோவை எப்படி எடுக்கிறது?”

இரண்டு வழி. பெட்டி எழுந்திருக்கிறது, விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால் வேறு கம்ப்யூட்டரில் ஒரு பென்டிரைவில் லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச சிஸ்டம்) ஏற்றிக்கொண்டு வந்து, அதிலிருந்து எழுப்பலாம். ஆன் செய்ததும் எஃப்12, எஃப்11, எஃப்8, எஸ்கேப் இவற்றில் ஏதோ ஒன்று பூட் மெனுவைக் கொண்டுவரும். ரேம் 1 ஜிபி, பென்டியம் 4 என்று இருந்தால் பப்பி லினக்ஸின் 32-பிட் பதிப்பு போதும். உபுன்டு, லினக்ஸ் மின்ட் இரண்டின் இப்போதைய பதிப்புகள் 64-பிட் மட்டும்தான். ‘இன்ஸ்டால்’ என்று கேட்டால் தொடாதீர்கள், சும்மா ஓட்டிப் பார்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

பெட்டியே எழுந்திருக்கவில்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கன்வர்ட்டர் கேபிளில் மாட்டி லேப்டாப்பில் சொருகலாம். 40 முள் பட்டைக் கேபிள் போகும் டிஸ்க் ஐடிஇ, மெல்லிய கேபிள் போவது சாட்டா, வாங்கும்போது சொல்லுங்கள். டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், அதனால் தனி அடாப்டரோடு வரும் கேபிளாக வாங்க வேண்டும். மாட்டியதும் ‘இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று லேப்டாப் கேட்டால் கேன்சல் கொடுங்கள், கை தவறி ஓகே மட்டும் கொடுத்துவிடாதீர்கள். எக்ஸ்பி-யில் ‘டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’, விண்டோஸ் 7-ல் ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குள் ஒவ்வொருவர் பெயரிலும் தேடுங்கள். டெஸ்க்டாப்பையும் டி டிரைவையும் மறக்காதீர்கள், நம் வீடுகளில் பாதி விஷயம் அங்கேதான் இருக்கும்.

“டிஸ்க்ல டிக் டிக்னு சத்தம் வருது. செக்டிஸ்க் ஓட்டவா?”

டிஸ்க் கோளாறைத் தேடும் அந்த விண்டோஸ் புரோகிராமை ஓட்டாதீர்கள். உடனே அணையுங்கள். அந்தச் சத்தம் உள்ளே படிக்கும் முனை தடுமாறுவதால் வருவது, ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் தட்டைக் கீறக்கூடும். ஃப்ரிட்ஜில் வைப்பது, தட்டுவது, திறந்து பார்ப்பது எதுவும் வேண்டாம். சத்தம் இல்லாமல் படிக்க மட்டும் மெதுவாக இருந்தால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற புரோகிராமைக் கொண்டு முழு டிஸ்க்கையும் வேறொன்றுக்கு நகலெடுத்துவிட்டு, நகலில் தேடுங்கள். டிக் டிக் வந்துவிட்ட டிஸ்க்கை டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். செலவு அதிகம், அந்தப் போட்டோக்களுக்கு அது தகுமா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

“பாஸ்வேர்டு அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் இப்போ இல்லை”

ஆன் செய்ததுமே, விண்டோஸ் வருவதற்கு முன்னால் கேட்பது பயாஸ் பாஸ்வேர்டு. பிளக்கைப் பிடுங்கி, சிஆர்2032-ஐக் கழற்றிச் சிறிது நேரம் விட்டு மாட்டினால் பெரும்பாலான டெஸ்க்டாப்பில் போய்விடும், சாட்டா மோட் எச்சரிக்கையை மட்டும் நினைவில் வையுங்கள். விண்டோஸ் கேட்கும் பாஸ்வேர்டாக இருந்தால் அதை உடைக்கவே வேண்டாம். மேலே சொன்ன லினக்ஸ் பென்டிரைவ் வழியில் போனால் கோப்புகள் அப்படியே திறக்கும், அவர் தனியாக என்க்ரிப்ட் செய்து, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி வைத்திருந்தால் தவிர.

“அப்பா அடிச்சு வெச்ச தமிழ் ஃபைல் எல்லாம் லேப்டாப்ல கிறுக்கலா தெரியுது. கெட்டுப்போச்சா?”

கெடவில்லை, தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பாமினி, வானவில் போன்ற ஃபாண்டுகளில் அடித்தார்கள். அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்தவை, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் இப்போதைய யூனிகோடு முறை இல்லை. அதே ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும். அதனால் போட்டோ எடுக்கும்போதே சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் முழுசாக நகலெடுங்கள். அந்த ஃபாண்டை லேப்டாப்பில் போட்டால் தமிழ் தெரியும், பிறகு கன்வர்ட்டரில் ஃபாண்டின் பெயரைக் கொடுத்து யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம். இப்படித்தான் ஒரு பக்கத்துவீட்டு அம்மாவுக்கு அவர் கணவர் எழுதிய குடும்ப வரலாறு நாற்பது பக்கம் திரும்பக் கிடைத்தது. கிறுக்கல் என்று நினைத்து அதைத்தான் முதலில் அழிக்கப் பார்த்தார்கள்.

“எல்லாம் எடுத்தாச்சு. பெட்டியைச் சரிபண்ணி வெச்சுக்கலாமா, போட்டுடலாமா?”

ரேம், பேட்டரி, எஸ்எம்பிஎஸ் வரைக்கும் என்றால் சரிசெய்யுங்கள். ரேம் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள், டிடிஆர்2, டிடிஆர்3 என்ற இரண்டு ரேம் வகைக்கும் 240 முள்தான், வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும், மாற்றி அழுத்தினால் ஸ்லாட் உடையும். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவில் இன்னும் பழைய ரேம் கிடைக்கிறது. மதர்போர்டே போயிருந்தால் அதற்கு மேல் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன். எக்ஸ்பி-க்கு 2014-லும் விண்டோஸ் 7-க்கு 2020-லும் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, அதனால் சரிசெய்த பெட்டியில் அந்த விண்டோஸை வைத்துக்கொண்டு பேங்க் வேலை மட்டும் பார்க்காதீர்கள்.

பழைய இரும்புக்காரரிடம் போடுவதாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போடுங்கள். எடுத்த போட்டோக்களை இரண்டு இடத்தில், ஒன்றை வேறு வீட்டில் இருக்கும் தம்பியிடமோ தங்கையிடமோ, வைத்து, இரண்டும் திறக்கிறதா என்று பார்த்த பிறகும் அந்தப் பழைய டிஸ்க்கை ஒரு வருடமாவது பீரோவில் வைத்திருங்கள். என் அனுபவத்தில், இன்னொரு ஃபோல்டர் இருந்ததே என்று யாருக்காவது ஞாபகம் வருவது அந்த ஒரு வருடத்துக்குள்தான்.